ஆளுக்கொரு பந்து: பாளையங்கோட்டையில் ஒரு கால்பந்துத் தனிவகுப்பு

பள்ளி அணியில் ஆடும் பிள்ளைக்குத் தனியாகவும் ஒரு பயிற்சி வேண்டுமா, காசு கொடுத்து அனுப்பலாமா என்று என் கடைக்குத் துணி தைக்க வரும் தாய்மார்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை. என் மகள் ஒரு வருடத்துக்கு மேலாகப் போய்வரும் வகுப்பைப் பற்றி இங்கே எழுதிவைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பலாம். கொடுக்கும் காசுக்கு மேலேயே கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன்.

பாளை மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. பள்ளி அணியில் வலது பக்க ஹாஃப், அதாவது நடுக்களத்தில் வலது பக்கம் ஆடுபவள். வகுப்பு நடத்துபவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். தன் பெயரையும் போன் நம்பரையும் எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், இருக்கிற பிள்ளைகளே அவருக்குப் போதும். அதனால் சார் என்றே எழுதுகிறேன். இடம் சமாதானபுரம் பக்கம் ஒரு செம்மண் மைதானம். திங்கள், புதன், வெள்ளி மாலை நாலே முக்காலிலிருந்து ஆறே கால் வரை. மாதம் 800 ரூபாய். ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பெருமாள்புரம், கே.டி.சி. நகர், மேலப்பாளையம் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தேதான் ஆடுகிறார்கள்.

பள்ளியில் நடக்கும் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அங்கே ஒரே பி.டி. சார்தான் கோகோவையும் பார்க்க வேண்டும், கபடியையும் பார்க்க வேண்டும், சுதந்திர தின அணிவகுப்பையும் பார்க்க வேண்டும். கால்பந்துக்கு நாற்பது பிள்ளைகள் வந்து நிற்பார்கள். காற்று நிற்கிற பந்து இரண்டோ மூன்றோ இருக்கும். வேறு என்ன செய்வார், இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடுவார். பெரிய மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஆடும்போது, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கே 90 நிமிடத்தில் பந்து காலில் இருப்பது சில நிமிடம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுகூடக் கிடைக்காது. பந்து போகும் பக்கமெல்லாம் ஓடி, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வரும். ஓட்டம் பழகும், மூச்சு பழகும், பந்து பழகாது. தனிவகுப்பு நிரப்ப வேண்டியது அந்த இடத்தைத்தான். அதை நிரப்புகிறதா என்று பார்த்துத்தான் எந்த வகுப்பையும் நான் எடைபோடுகிறேன்.

இந்த சாரிடம் முதல் விதியே ஆளுக்கொரு பந்து. மைதானத்துக்குள் நுழைந்ததும் வலைப்பையிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து காலடி வைத்தால் முடிந்துபோகும் ஒரு சதுரத்துக்கு நாலு மூலையிலும் கோன் என்கிற பிளாஸ்டிக் கூம்பு வைத்திருப்பார். அதற்குள் பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பந்துகள். உள்பாதம், வெளிப்பாதம், அடிப்பாதம் என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றிக்கொண்டே உருட்ட வேண்டும், யார் மேலும் மோதக்கூடாது. விசில் ஊதினால் திரும்ப வேண்டும். வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருப்பது என்பதே கிடையாது. வேடிக்கை பார்க்கும் நமக்கு ஒரே குழப்படியாகத் தெரியும். கொஞ்ச நேரம் ஒரே பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால்தான், அந்தக் கால் ஓயாமல் பந்தைத் தொட்டபடியே இருப்பது தெரியும்.

அடுத்து நடப்பதுதான் நான் இந்த வகுப்பை இவ்வளவு மெச்சுவதற்குக் காரணம். சார் கையில் மூன்று நிறத் துணி வைத்திருப்பார். மஞ்சள், சிவப்பு, நீலம். என் கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளைத்தான் ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளை பந்தை வாங்குவதற்காக நடுவில் நிற்கும். எதிரே இருக்கும் பிள்ளை பந்தைத் தட்டிவிடும். பந்து உருண்டு வந்துகொண்டிருக்கும்போதே, வாங்கும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சார் ஏதாவது ஒரு துணியைத் தூக்கிக் காட்டுவார். பந்து காலுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அந்த நிறக் கோன் இருக்கும் பக்கமாகப் பந்தைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தொடக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் இது வராது. கண்ணைப் பந்தை விட்டு எடுத்தால் பந்து ஓடிவிடும் என்று பயம். "ஏலே, தலையத் தூக்குலே! பந்து எங்கயும் ஓடிராது, உன்கிட்டதாம்ல வருது" என்று சார் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். பெண் பிள்ளைகள் என்றால், "ஏட்டி, பின்னால யாரு வாரான்னு பாத்தியா?"

தையல் மிஷினில் இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். புதிதாகப் பழக வரும் பெண் காலால் மிதிக்கும்போது மிதியையே குனிந்து பார்ப்பாள், துணி கோணிக்கொண்டு போகும். கால் தானாக மிதிக்கப் பழகிய அன்றைக்குத்தான் கண் துணிக்கு வரும், தையல் நேராகும். பந்தும் அப்படித்தான். கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டால், கண் நிமிர்ந்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும். ஆட்டம் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

பந்தை வாங்கும் விதத்துக்கும் இவர் நிறைய நேரம் செலவழிக்கிறார். பந்து வரும்போது பிள்ளைகள் பந்தைப் பார்த்து நேருக்கு நேராக நின்று, பக்கத்துக் காலால் நிறுத்திவிடுவார்கள். பந்து செத்துவிடும். அப்புறம் திரும்ப வேண்டும், அதற்குள் எதிராளி வந்துவிடுவான். சார் சொல்வது: உடம்பைப் பாதி திருப்பிப் பக்கவாட்டில் நில், பந்து உன்னைக் கடந்து தூரத்துக் காலுக்கு வரட்டும், அந்தக் காலின் உள்பாதத்தால் தொட்டால் தொட்ட தொடுதலிலேயே நீ முன்னால் பார்த்து நின்றுகொண்டிருப்பாய். இதைப் படித்தால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். என் மகளுக்கு இது காலில் வந்து சேரவே மாதக்கணக்கானது. பள்ளி ஆட்டம் ஒன்றில் பின்னால் தடுத்து ஆடும் பேக் கொடுத்த பந்தை இப்படி வாங்கி, ஒரே தொடுதலில் எதிராளியைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வலது ஓரமாக அவள் போனபோது, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்று கோல் விழவில்லை, ஆட்டமும் தோற்றுப்போனோம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இடது காலுக்கு மைதானத்தின் ஓரத்துச் சுவர்தான் வாத்தியார். நாலடி தள்ளி நின்று இடது உள்பாதத்தால் சுவரில் தட்ட வேண்டும், திரும்பி வருவதை நிறுத்தாமல் மறுபடியும் தட்ட வேண்டும். கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்து கோணலாகத் திரும்பும். கணுக்காலைப் பூட்டு, ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வை, ஊன்றிய காலின் விரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகும். இதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. வீட்டுக்கும் இதுதான் வேலை. தினமும் பத்து நிமிடம் போதும் என்கிறார். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து, பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சாயங்காலத் தூக்கம் கெட்டு, இப்போது காலையில்தான் தட்ட வேண்டும் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். வேறு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. தரையில் விரித்துக் கால் மாற்றி ஓடும் ஏணி, இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடும் குடை, ரப்பர் பட்டை என்று ஆன்லைனில் விற்பதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது, ஒரு சுவரைக் காட்டலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

கடைசி அரை மணி நேரம் ஆட்டம். நாலு பேருக்கு நாலு பேர், சின்ன மைதானம், கோல்கீப்பர் கிடையாது, இரண்டு செங்கல் வைத்தால் கோல். மீதி நாலு பேர் சுவர்ப் பக்கம் போய்விட்டு முறை மாற்றி வருவார்கள். ஆள் குறைவு என்பதால் பந்து எல்லோரிடமும் வந்துகொண்டே இருக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லை. இங்கே சார் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். ஒருநாள் இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது என்பார், ஒருநாள் இடது காலில் போட்டால்தான் கோல் என்பார், அதோடு சரி. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செம்மண் புழுதி கண்ணை மறைத்துவிடும். அந்த மாதங்களில் தூக்கி அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வரும். மற்ற வகுப்புகள் விடுமுறை விடும்போது இவர் அதையே பாடமாக்கிவிடுகிறார். காற்றுக்கு எதிரே ஆடும் அணி தரையோடு தரையாகச் சின்னச் சின்ன பாஸாகக் கொண்டுபோக வேண்டும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றிவிடுவார்.

கால்பந்தில் பிள்ளைகளுக்குப் பிடித்தது டிவியில் பார்க்கும் வித்தைகள்தான். பந்துக்கு மேலே காலைச் சுற்றுவது, குதிகாலால் தூக்கிவிடுவது. அதைச் சார் தடுப்பதும் இல்லை, சொல்லிக்கொடுப்பதும் இல்லை. வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். உவரியிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். மணலில் பந்து ஒழுங்காக உருளாது, எழும்பாது, அதனால் பந்தைக் கரண்டி போலத் தூக்கி எடுத்துக்கொண்டு போகும் ஒரு வித்தை அவனுக்குக் கைவந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அவனிடம்தான் பாடம்.

இதற்கு முன்னால் கொஞ்ச காலம் மகள் ஒரு செயற்கைப் புல் டர்ஃபில் நடக்கும் பயிற்சிக்குப் போனாள். எது என்று சொல்ல வேண்டாம். கட்டணம் இதைப்போல மூன்று மடங்கு. ஜெர்சி கொடுத்தார்கள், பெயர் அச்சடித்த பை கொடுத்தார்கள், விளக்கு பகல் போல எரியும். ஆனால் பிள்ளைகள் கோனுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒரு பிள்ளை ஏணியில் கால் மாற்றி ஓடி, மூன்று கோன் சுற்றி, ஒரு ஷாட் அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகும். மறுபடி அதன் முறை வருவதற்குள் நான் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துவிடலாம். ஏணியில் எதிராளி இல்லை, பந்தும் இல்லை, எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. கால் வேகமாக அசைவது வீடியோவில் அழகாக இருக்கும். ஆட்டத்தில் அந்த வேகம் எங்கே போயிற்று என்று தெரியாது. டர்ஃபே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பந்து சீராக உருளும், விழுந்தால் முட்டி தேயாது. இதே சார் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தால் அங்கேயே அனுப்புவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். நாலே முக்காலுக்கு வந்ததும் நேராகப் பந்தை உதைக்க விடுவதில்லை. சிறுவர்களுக்காக உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா வகுத்த 11+ கிட்ஸ் என்ற பயிற்சி வரிசையை வைத்திருக்கிறார். ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடிப்பது, தாவி இறங்குவது, உருண்டு எழுவது என்று விளையாட்டுப் போலத்தான் இருக்கும், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, செக், நெதர்லாந்து ஆகிய நாலு நாடுகளில் ஏறத்தாழ 3,900 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், இதைச் செய்தவர்களுக்குக் காயங்கள் 48 சதவீதம் குறைந்திருந்தன. 2018-ல் வெளிவந்தது. இதில் சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது தாவி இறங்கும் முழங்காலைத்தான். இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் போகும். பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம். பருவ வயதைத் தாண்டும் பெண்களுக்கு ஏ.சி.எல். என்கிற முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இப்படி இறங்கும் பழக்கமும் ஒரு காரணம். "முட்டி விரலுக்கு நேரா நிக்கணும், சத்தம் கேக்காம எறங்கணும்" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக இறங்கச் சொல்லிப் பார்ப்பார்.

போன வருடம் மகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, மாடிப்படி ஏறினால் வலி என்றாள். நான் வாதம் என்று எண்ணெய் தேய்க்கத் தயாராக இருந்தேன். சார் பார்த்துவிட்டு, எலும்பு டாக்டரிடம் காட்டுங்கம்மா என்று அனுப்பினார். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார் டாக்டர். வேகமாக உயரம் வளரும் வயதில், தொடைத் தசையின் நார் வந்து சேரும் இடத்தில் இன்னும் முற்றாத எலும்பை இழுத்து இழுத்து வருவது. தானாகச் சரியாகிவிடும், ஆனால் ஓட்டத்தையும் தாவுவதையும் குறைக்க வேண்டும். வலி குறையும்வரை சார் அவளை ஓடவிடவில்லை. வகுப்புக்கு வா, சுவரில் மெதுவாகத் தட்டு, மற்ற நேரம் உட்கார்ந்து யார் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல் என்றார். கட்டணம் வாங்கும் எல்லோரும் இப்படி உட்கார வைக்க மாட்டார்கள்.

ஓய்வு விஷயத்தில் இவர் பிடிவாதக்காரர். சனிக்கிழமை பள்ளி ஆட்டம் இருந்தால் வெள்ளிக்கிழமை வராதே என்பார். பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சி கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பள்ளிப் பயிற்சியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பத்து வயதுப் பையனுக்கு இங்கே மூன்று நாள், டர்ஃபில் இரண்டு நாள், காலையில் தடகளம் என்று அட்டவணை போட்டுக்கொண்டு வந்த ஓர் அண்ணாச்சியை, எதையாவது இரண்டை விட்டுவிட்டு வாங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

தலையால் முட்டுவதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று சில பெற்றோருக்கு மனத்தாங்கல். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதே இல்லை என்பது அவர் முடிவு. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-லேயே பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் 2020 பிப்ரவரியில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அதற்கு முந்தைய வருடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு, முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று சொல்லியிருந்தது. காரணம் தலையால் முட்டுவதுதான் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் என் பிள்ளை தலை விஷயத்தில் நான் சார் பக்கம்தான்.

இன்னொன்று, உயரமும் வயதும். பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கிறார்கள். ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் இருக்கும், டிசம்பரில் பிறந்த பிள்ளையும் இருக்கும். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாவாடை தைக்கிற எனக்குத் தெரியும். தேர்வு நாளில் உயரமும் வேகமும் உள்ள ஜனவரிப் பிள்ளைதான் கண்ணில் படும். பல நாடுகளில் சிறுவர் அணிகளை எடுத்துப் பார்த்தால் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே நிறைந்திருக்கிறார்கள். என் மகள் நவம்பர். மாவட்டத் தேர்வுக்குப் போய் வரிசையில் நின்றபோதே பக்கத்துப் பிள்ளையின் தோளுக்குத்தான் வந்தாள். எடுக்கவில்லை. அழுதுகொண்டு வந்தவளிடம் சார், "நீ வளரதுக்கு இன்னும் இருக்கு. காலு பழகுனது போகாது" என்று மட்டும் சொன்னார். நாலுக்கு நாலு ஆட்டத்தில் அவர் வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்துப் பிரிக்கிறார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். வாரத்தில் ஒருநாள் சின்ன உடம்புக்காரர்கள் எல்லாம் ஒன்றாக ஆடுவார்கள், அன்று இடித்துத் தள்ளிவிட்டுப் போக யாரும் இல்லை. மற்ற நாட்களில் கலந்து ஆடுவார்கள்.

ஷூ, பந்து பற்றி. புதுப் பிள்ளை வந்தால் சார் முதலில் திருப்பிப் பார்ப்பது ஷூவின் அடியைத்தான். நம் செம்மண் தரை வெயிலில் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். அடியில் நீளமான ஸ்டட், அதாவது முளைகள், வைத்த ஷூ புல்தரைக்கு உரியது. இங்கே அது மண்ணுக்குள் இறங்காது, குதிகாலுக்குக் கீழே கல்லை வைத்துக்கொண்டு ஓடுவது போலாகி, வளரும் பிள்ளைக்குக் குதிகால் வலி வந்துவிடும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள டர்ஃப் ஷூதான் இந்தத் தரைக்குச் சரி. விலையும் குறைவு. பந்தில், பன்னிரண்டு வயது வரைக்கும் 4-ஆம் நம்பர். அது 350 முதல் 390 கிராம் வரை இருக்கும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். சின்னப் பாதத்துக்கு 5-ஆம் நம்பர் கொடுத்தால் உதைப்பதற்கு முழு உடம்பையும் வீசும், அந்தத் தப்பான வீச்சு அப்படியே பழகிவிடும். எங்கள் பள்ளியில் இருப்பது 5 மட்டும்தான். சுவரில் தட்ட வீட்டுக்கு நிவியா 4-ஆம் நம்பர் வாங்கினோம், செம்மண்ணிலும் சிமெண்டிலும் அடிபட்டும் இன்னும் தையல் விடவில்லை. தையலைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம்.

இனிக் குறைகள். பெரிய குறை, மைதானத்தில் கழிப்பறை இல்லை. பையன்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள், நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. பக்கத்து வீடு ஒன்றில் பேசி ஏற்பாடு செய்திருக்கிறோம், ஆனால் அது அந்த வீட்டுக்காரர்களின் நல்ல மனதால் நடக்கிறது. விளக்கு இல்லை. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே பந்து தெரியாது, வகுப்பு சுருங்கிவிடும். மழை பெய்தால் வகுப்பு இல்லை, ஆனால் கட்டணம் குறையாது. ஐப்பசியில் பாதி மாதம் போய்விட்டது, கேட்டதற்குக் கோடை விடுமுறையில் காலை வகுப்பு கூடுதலாக எடுத்துச் சரிக்கட்டினார். சார் தான் வராத நாளை வாட்ஸ்அப்பில் சொல்வதற்கு முன்பே நாம் கிளம்பிப் போயிருப்போம். கோல்கீப்பருக்கு இங்கே ஒன்றும் கிடையாது. கோலி ஆகவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்குக் கால் பழகும், கை பழகாது. வெளி அணிகளோடு ஆட்டம் ஏற்பாடு செய்வதும் இல்லை, பள்ளி அணியில் இடம் இல்லாத பிள்ளைக்குக் கற்றதை ஆடிப்பார்க்க வழி இருக்காது. சத்தம் அதிகம் போடுவார். திட்டுவதில்லை, ஆனாலும் ஒதுங்கிப் பழகிய பிள்ளைகள் முதல் மாதம் மிரளும். பிள்ளை எப்படி ஆடுகிறது என்று நாமாகக் கேட்டால்தான் சொல்வார், கேட்காவிட்டால் வருடம் முழுக்க ஒரு வார்த்தை வராது.

ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: சார் எந்த வாக்கும் கொடுக்க மாட்டார். அவரிடம் எனக்குப் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று. பெண் பிள்ளைக்குக் கால்பந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு நானே பதில் சொல்கிறேன். தேசிய சீனியர் பெண்கள் கோப்பையைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றிருக்கிறது. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது நம்ம மதுரைப் பக்கத்துச் சேது எஃப்.சி. பக்கத்தில் குமரிக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் வரை போனார் என்று பையன்களுக்குச் சொல்கிறோம். பெண் பிள்ளைகளுக்கும் சொல்ல நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். என் மகள் அவ்வளவு தூரம் போவாளா என்பதை நான் யோசிப்பதில்லை. கூட்டத்துக்குள் பந்தோடு நிற்கும்போது அவள் முகத்தில் பயம் இல்லை. அதற்காக 800 ரூபாய் கொடுக்க எனக்கு மனசு கசக்கவில்லை.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அனுப்ப வேண்டாம், சார் சேர்க்கவும் மாட்டார், தெருவில் ஆடட்டும் என்பார். ஏற்கனவே வாரம் ஐந்து நாள் ஏதாவது ஒரு பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கும் வேண்டாம். பள்ளி அணியில் ஆடுகிற, ஆனால் பந்து வந்தால் பதறி உதைத்துவிடுகிற பிள்ளை என்றால் கட்டாயம் அனுப்புங்கள். புது ஆட்களை ஜூனிலும் ஜனவரியிலும்தான் சேர்க்கிறார். ஒரு வாரம் காசில்லாமல் ஆடிப்பார்க்கலாம். நாலரைக்கே போய்விடுங்கள், 4-ஆம் நம்பர் பந்து இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அவர் தருவார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், உப்புப் போட்ட மோர் இருந்தால் இன்னும் நல்லது. இடம் எங்கே என்று தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், வழி சொல்கிறேன்.